ஒரே கதை, இரண்டு படங்கள்



ஓவியத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஓவியப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதினால் என் மாணவர்களே சிரிப்பார்கள். கரும்பலகையில் நான் மாம்பழம் வரைந்தால், முதல் வரிசைப் பிள்ளைகள், "டீச்சர், அது சட்டியா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவள் மேல்நாட்டு ஓவியர்கள் இருவரைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் அந்த ஓவியர்கள் மட்டுமல்லர். என் தம்பியும் ஒரு காரணம்.

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் கைப்பையில், கடப்பிதழுக்கு அடியில், ஒரு கடிதம் இருந்தது. 2023-ஆம் ஆண்டில் காலமான எங்கள் அப்பாவின் பேரில் உள்ள சிறிய வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று தம்பி எழுதிக் கொடுப்பதாக அந்தக் கடிதம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பால்மரம் வெட்டியே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய அப்பா, தோட்டத்தை விட்டு வெளியேறிய பின் வாங்கிய வீடு அது. அவரையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான். வீடு எனக்குத்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

தம்பி காத்தோங்கில் ஒரு பிரேம் கடையில் வேலை செய்கிறான். படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடும் தொழில். ஜொகூர் பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸில் ரயில் ஏறினால், பழுப்பு நிறத் தடத்தில் மாறாமலே மரின் பரேட் வரை போய்விடலாம். 2024-ஆம் ஆண்டில் திறந்த நிலையம் அது. முன்பு கடல் அலை அடித்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. 1966-இல் தொடங்கிக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலமாம். தம்பி நிலையத்துக்கே வந்திருந்தான்.

"வாங்கக்கா. பசியாறிட்டீங்களா?" என்றான்.

சின்ன வயதில் என்னை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுவான். இந்த 'வாங்க' எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் கோயிலுக்கு அழைத்துப் போனான். 1850-களில் ஒரு குளக்கரையில், செண்பக மரத்தடியில் கிடைத்த விநாயகர் சிலையிலிருந்து தொடங்கிய கோயில் அது. உள்ளே கருங்கல் தூண்களில் விநாயகரின் 32 வடிவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பால கணபதி, வீர கணபதி, நிருத்த கணபதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரே பிள்ளையாரை எத்தனை விதமாக மனிதன் நினைத்துப் பார்த்திருக்கிறான்! குழந்தையாக ஒருவன் கண்டான், போர்வீரனாக ஒருவன் கண்டான், ஆடுபவராக ஒருவன் கண்டான். அந்த எண்ணத்தோடு கோயிலை விட்டு வெளியே வந்தவளுக்கு, அரை மணி நேரத்தில் அதே பாடம் வேறு மதத்திலிருந்து கிடைக்கும் என்று அப்போது தெரியாது.

தம்பி வேலை செய்யும் கடை சிறியதுதான். மரத்தூள் வாசனையும் பசை வாசனையும் கலந்து அடித்தன. சுவரில் இரண்டு பெரிய படங்கள் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அந்த வட்டாரத்தில் வசிக்கும் ஒரு யுரேசியப் பாட்டி சட்டம் போடக் கொடுத்தவையாம். தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவர். இரண்டும் அச்சுப் படங்கள்தாம். அசல்கள் உலகத்தின் இரு வேறு மூலைகளில் இருக்கின்றன.

"அக்கா, இது ரெண்டும் ஒரே கதைதான். ஆனா பாருங்க, ஒண்ணு அகலமா இருக்கு, ஒண்ணு உயரமா இருக்கு. ஒரே அளவுச் சட்டம் போடச் சொல்றாங்க பாட்டி. எப்படிப் போடுறது?" என்றான் தம்பி.

என்ன கதை என்று கேட்டேன். அவன் சற்றுத் தயங்கினான். பிறகு, "ஊதாரி மைந்தன் கதைக்கா," என்றான்.

கிறிஸ்தவ வாசகர்களுக்கு இது மனப்பாடமான கதை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை. ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் தன் பங்கை இப்போதே கொடு என்று வாங்கிக்கொண்டு தூரதேசம் போய், எல்லாவற்றையும் அழித்துவிடுகிறான். பஞ்சம் வருகிறது. பன்றி மேய்க்கிறான். கடைசியில், வேலைக்காரனாகவாவது இருப்போம் என்று வீடு திரும்புகிறான். தகப்பனோ தூரத்திலேயே கண்டு ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். நல்ல ஆடை கொண்டுவாருங்கள், மோதிரம் போடுங்கள், செருப்பு அணிவியுங்கள், கொழுத்த கன்றை அடியுங்கள் என்கிறார். வயலிலிருந்து திரும்பும் மூத்தவன் விருந்துச் சத்தத்தைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். தகப்பன் வெளியே வந்து அவனையும் கெஞ்சி அழைக்கிறார். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்லவில்லை. அத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்தக் கதையைத்தான் இரண்டு ஓவியர்கள், ஏறக்குறைய ஒரே காலத்தில் வரைந்திருக்கிறார்கள். ஒருவர் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்து முரில்லோ. மற்றவர் ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரெம்பிராண்ட். இருவருமே பரோக் காலத்தவர்கள். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தழைத்த கலைப் பாணி அது. ஒளியையும் இருளையும் மோதவிட்டு, ஒரு சம்பவம் உச்சத்தில் இருக்கும் கணத்தைப் பிடித்து, பார்ப்பவர் மனத்தை அசைப்பது அதன் இயல்பு. ஸ்பெயினும் ஹாலந்தும் 80 ஆண்டுகள் போரிட்டு 1648-இல்தான் சமாதானம் செய்துகொண்ட நாடுகள். பகை நாட்டார் இருவர் ஒரே தகப்பனை வரைந்திருக்கிறார்கள்! அந்த ஹாலந்துக்காரர்கள் நமக்கும் புதியவர்கள் அல்லர்; 1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தவர்கள் அவர்கள்தாம்.

முதலில் அகலப் படத்தைப் பார்ப்போம். இது முரில்லோ வரைந்தது. வீட்டு வாசற்படி அருகே தகப்பன் குனிந்து மகனை அணைக்கிறார். மகன் கந்தலோடு, வெறுங்காலோடு மண்டியிட்டிருக்கிறான். ஒரு சின்ன வெள்ளை நாய் அவன்மேல் தாவுகிறது. எத்தனை வருஷமானாலும் நாய் மறக்காது என்பதை ஓவியர் அறிந்திருக்கிறார். ஒரு பக்கம் ஒரு சிறுவன் கொழுத்த கன்றை ஓட்டி வருகிறான். பக்கத்தில் கோடரியோடு ஒரு ஆள். மறுபக்கம் பணியாளர்கள், ஒருவர் கையில் மோதிரம், இன்னொருவர் கையில் புத்தாடை வைத்த தட்டு. படத்தில் நிறம் மிகுந்திருப்பது அந்தத் துணி ஏந்தியவர் பக்கம்தான். மூத்த மகன் எங்கே என்று தேடினேன். என் கண்ணுக்கு அவன் அகப்படவில்லை.

துணிக்கு ஏன் அத்தனை நிறம்? ஊருக்குத் திரும்பியபின் தேடிப் படித்ததில் விடை கிடைத்தது. செவில் நகரத்தில் ஏழைகளுக்காக ஒரு கருணை இல்லம் இருந்தது. அதை நடத்திய சபைக்கு மிகேல் மான்யாரா என்ற செல்வந்தர் தலைவராக இருந்தார். மனைவியை இழந்த பிறகு தம் செல்வத்தையும் வாழ்வையும் ஏழைகளுக்கென்று ஒதுக்கியவர் அவர். அந்த இல்லத்தின் தேவாலயச் சுவருக்காக, 1667-க்கும் 1670-க்கும் இடையில், இரக்கச் செயல்களைப் பற்றி ஆறு பெரிய படங்களை முரில்லோ வரைந்தார். பசித்தவருக்கு உணவு, தாகித்தவருக்குத் தண்ணீர், வழிப்போக்கருக்கு இடம், நோயாளிக்குத் துணை, சிறைப்பட்டவருக்கு விடுதலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேதக் கதை. 'ஆடையில்லாதவருக்கு ஆடை கொடு' என்பதற்குத்தான் இந்த ஊதாரி மைந்தன்! அதனால்தான் தட்டில் உள்ள துணி ஒளி வீசுகிறது. முரில்லோவும் அந்தச் சபையில் 1665-இல் உறுப்பினராகச் சேர்ந்தவர். ஆகவே, இந்தப் படம் கூட்டத்துக்காக வரைந்த படம். கோயிலுக்கு வருகிற நூறு பேரும் அண்ணாந்து பார்த்து, 'நாமும் இப்படிக் கொடுக்க வேண்டும்' என்று நினைத்துக்கொண்டு போக வேண்டும். நம் பள்ளிச் சுவரில் மாட்டுகிற நல்லொழுக்கப் படத்தைப் போல, ஆனால் ஒரு மேதையின் கையால்.

1810-இல் நெப்போலியனின் தளபதி சூல்ட் அந்தச் சுவரிலிருந்து நான்கு படங்களைக் கொண்டுபோய்விட்டார். ஊதாரி மைந்தன் பல கை மாறி, இன்று அமெரிக்காவில் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறான். வீடு திரும்பும் மகனின் படம் தன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை என்பதை நினைத்தால் வேடிக்கையாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

இனி உயரப் படம். ரெம்பிராண்ட் வரைந்தது. அசல் எட்டரை அடி உயரம். 1766-இல் ரஷ்யப் பேரரசி காத்தரீன் வாங்கினார். இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து எர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதில் கன்று இல்லை, நாய் இல்லை, மோதிரம் இல்லை, துணித் தட்டு இல்லை. பெரும்பகுதி இருட்டு. மகன் நமக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, தகப்பனின் மார்பில் தலையைப் புதைத்திருக்கிறான். மொட்டைத் தலை. ஒரு காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்து, உள்ளங்கால் முழுவதும் தெரிகிறது. மற்றக் காலில் இருப்பதும் பிய்ந்த செருப்பு. தகப்பன் கண் மங்கிய கிழவர். இரண்டு கைகளையும் மகன் முதுகில் வைத்திருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைகள்! ஒன்று அகன்று உறுதியாக இருக்கிறது. மற்றொன்று மெலிந்து மென்மையாக இருக்கிறது. ஒன்று தகப்பன் கை, மற்றொன்று தாய்க் கை என்று சொல்பவர்கள் உண்டு. ஹென்றி நோவென் என்ற டச்சுப் பாதிரியார், 1983-இல் ஒரு கதவில் ஒட்டியிருந்த அச்சுப் படத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்து, 1986-இல் ரஷ்யாவுக்கே போய் மணிக்கணக்கில் அசலின் முன்னால் உட்கார்ந்திருந்தார். 1992-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

வலப் பக்கத்தில் சிவப்புப் போர்வையோடு, கோலைப் பிடித்துக்கொண்டு, விறைப்பாக ஒருவர் நிற்கிறார். அவர்தான் மூத்த மகன் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். தகப்பன் முகத்தில் விழும் ஒளி அவர் முகத்திலும் விழுகிறது. ஆனால் அவர் அசையவில்லை. குனியவில்லை. பார்க்கிறார், அவ்வளவே.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஊர் ஒரு காரணம். செவில் கத்தோலிக்க நகரம். கோயில்களில் படங்கள் வேண்டும், சபைகள் பணம் கொடுத்து வரையச் சொல்லும். ஹாலந்தில் சீர்திருத்தச் சபையின் கோயில் சுவர்களில் படமே கூடாது. அங்கே வேதப் படம் என்பது ஒரு மனிதன் தன் வீட்டில், தனியே நின்று பார்ப்பது. முரில்லோவின் தகப்பன் ஊரறிய மகனைச் சேர்த்துக்கொள்கிறார். ரெம்பிராண்டின் தகப்பன் யாருக்கும் கேட்காதபடி சேர்த்துக்கொள்கிறார்.

வாழ்க்கையும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. ரெம்பிராண்ட் இளமையில் புகழும் பணமும் கண்டவர். 1635 வாக்கில், தம்மையே ஊதாரி மைந்தனாக, கையில் மதுக்கோப்பையோடு, மடியில் மனைவி சாஸ்கியாவோடு ஒரு படம் வரைந்தார். விளையாட்டாக வரைந்தாரோ என்னவோ! 1642-இல் சாஸ்கியா இறந்தார். 1656-இல் கடனில் முழுகினார். வீடும் சேர்த்து வைத்த கலைப் பொருள்களும் ஏலம் போயின. 1668-இல் ஒரே மகன் தீத்துஸ் 26 வயதில் இறந்தான். அடுத்த ஆண்டு அவரும் போய்விட்டார். அந்தக் கடைசிக் காலத்தில் வரைந்த படம் இது. இளமையில் மகனாகத் தம்மை வரைந்தவர், முதுமையில் தகப்பனை வரைந்திருக்கிறார். அவர் கட்டியணைக்க மகன் திரும்பி வரமாட்டான் என்று தெரிந்த கை அது என்று நினைத்தால் கண் கலங்காமல் இருக்க முடியவில்லை.

முரில்லோவின் கதையைப் படித்தபோதுதான் நான் திடுக்கிட்டேன். அவர் 14 பிள்ளைகளில் கடைசி. பத்து வயதுக்குள் தாயையும் தகப்பனையும் இழந்தார். அவரை எடுத்து வளர்த்தது யார் தெரியுமா? அக்கா! ஆனா என்ற மூத்த சகோதரியும் அவருடைய கணவரும். திரும்பி வருபவனுக்கு வீடு என்று ஒன்று இருக்க வேண்டும், அங்கே துணியும் சோறும் தயாராக இருக்க வேண்டும் என்று அத்தனை அக்கறையாக வரைந்த கைக்குச் சோறு போட்டவள் ஒரு அக்கா.

வாசகர்களே, இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2003-இல், தம்பிக்கு 21 வயது. என் கல்யாணத்துக்கென்று அப்பா சேமநிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த பணத்தோடும், அம்மாவின் சங்கிலியோடும் ஒரு விடியற்காலையில் போய்விட்டான். வியாபாரம் செய்து இரண்டு மடங்காகத் தருகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். ஒன்பது வருஷம் ஒரு தகவல் இல்லை. 2009-இல் அம்மா இறந்தார். கொள்ளி வைக்க அவன் இல்லை. 2012-இல், ஒரு சாயங்காலம், அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது வந்து நின்றான். அப்படியே அப்பா காலில் விழுந்தான். நான் வீட்டின் உள்ளே, சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தேன். அப்பா உள்ளே பார்த்து, "அம்மா, அந்தப் புதுச் சட்டைய எடுத்தா. கோழி ஒண்ணு அடி," என்றார். அந்தச் சட்டை, தீபாவளிக்கு அப்பாவுக்கென்று என் சம்பளத்தில் நான் வாங்கியது.

எடுத்துக் கொடுத்தேன். கோழியும் அடித்தேன். குழம்பும் வைத்தேன். பரிமாறினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்துதான் அவன் என்னை 'வாங்க, போங்க' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

காத்தோங் கடையில் அந்த இரண்டு படங்களின் முன்னால் நின்றபோது இதெல்லாம் வரிசையாக எனக்குள் வந்தது. முரில்லோ படத்தில் துணித் தட்டை ஏந்தி நிற்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரெம்பிராண்ட் படத்தில் விறைப்பாக நிற்பது யார் என்றும் தெரிந்துவிட்டது. ஒரே ஆள்தான் இரண்டும்!

அந்த நேரத்தில் பாட்டி வந்தார். சட்டத்தின் நிறம் பற்றிப் பேசிவிட்டு, நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் வந்து நின்றார். தம் விரலால் ரெம்பிராண்ட் படத்தின் இருட்டைத் தொட்டுக் காட்டினார். மேலே, இடப் பக்கம், ஒரு பெண் உருவம். சட்டென்று பார்த்தால் தெரியாது. உள்ளே இருட்டில் நின்று எட்டிப் பார்க்கிறாள். "நிறையப் பேர் இவளைப் பார்ப்பதே இல்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் யார் என்று கேட்டேன். "வேதத்தில் இல்லை. நீங்கள் யாரென்று நினைக்கிறீர்களோ அவள்தான்," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

தம்பி அந்தப் படத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, எனக்கு இந்தக் காலுதான். இத ஒட்டும்போது கையே ஓடல."

உள்ளங்கால்! எனக்குச் சுருக்கென்றது. அன்று அவன் அப்பா காலில் விழுந்தபோது, பின்னாலிருந்து நான் பார்த்ததும் அதைத்தான். ஒரு செருப்பின் வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. பாதம் முழுக்க வெடிப்பு. பார்த்தேன், பார்த்தும் கோழியை அடிக்கப் போனேன். அவன் ஒன்பது வருஷம் எப்படி இருந்தான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவனும் ஒன்றை என்னிடம் கேட்டதில்லை. அதை அன்று மாலை கேட்டான்.

கடை மூடியதும் கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்தோம். தூரத்தில் கப்பல்கள் நின்றன. வெகு நேரம் கழித்து, "அம்மா எப்படிப் போனாங்க?" என்றான். இத்தனை வருஷமாகக் கேட்கப் பயமாக இருந்ததாம்.

சொன்னேன். கடைசி மூன்று மாதத்தையும் சொன்னேன். ஒவ்வொரு இரவும் கதவைத் தாழிட வேண்டாம் என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். இதை நான் அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தது தண்டனையாகத்தான். பணத்தை அவன் எடுத்துக்கொண்டு போனான்; அம்மாவின் கடைசி நாட்களை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கணக்குப் பார்த்தால் யார் கடன்காரர் என்று தெரியவில்லை. தம்பி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகில் கை வைத்தேன். 'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்பது பொய்யில்லை.

பிறகு அவனே, "வீட்டுக் கடிதம் கொண்டு வந்திருப்பீங்களே, குடுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்," என்றான்.

நான் உத்தமி இல்லை, வாசகர்களே. கை பைக்குள் போகத்தான் செய்தது. கடிதம் விரலில் தட்டுப்பட்டது. கேட்காமலே கிடைக்கிறதே என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டதும் உண்மை. ஆனால் அந்த விறைப்பான மனிதரின் முகம் கண்முன் வந்தது. அவரிடம் தகப்பன் சொன்னது என்ன? என்னுடையது எல்லாம் உன்னுடையதுதானே என்றுதான் சொன்னார். மூத்தவனுக்குக் குறைந்தது சொத்து இல்லை. உள்ளே போக மனம்தான் குறைந்தது.

"இல்லடா. ரெண்டு பேரும் சேர்ந்தே நில அலுவலகத்துக்குப் போவோம்," என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ நெசமாத்தான் சொல்றியாக்கா?" என்றான். 'நீ' என்றான்! அந்த ஒற்றை எழுத்துக்காகப் பாதி வீடு போனால் போகட்டும்.

முழு மனத்தோடு மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சில நாள் காலையில் எழுந்ததும் பழைய கோபம் முதலில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனாலும் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

பாட்டியின் படங்களுக்கு ஒரே அளவுச் சட்டம் போட முடியவில்லையாம். ஒன்றை வெட்டினால் நாய் போய்விடும், மற்றதை வெட்டினால் இருட்டில் நிற்கும் பெண் போய்விடுவாள். வேறு வேறு அளவில்தான் போட்டானாம், மரம் மட்டும் ஒரே மரம். தொலைபேசியில் சொன்னான்.

எந்தப் படம் சிறந்தது என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்? வருகிறவனுக்கு உடுக்கத் துணியும் உண்ணச் சோறும் வேண்டும். முரில்லோ சொன்னது சரி. கையை முதுகில் வைக்காமல் துணி மட்டும் கொடுத்தால் அது போதாது. ரெம்பிராண்ட் சொன்னதும் சரி. நான் 2012-இல் முதலாவதைச் செய்தேன். இரண்டாவதைச் செய்ய இத்தனை ஆண்டுகள் ஆயின.

தோட்டத்திலும் பட்டணத்திலும் இதைப் படிக்கிறவர்களில் மூத்த பிள்ளைகள் பலர் இருப்பீர்கள். பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள், பாரத்தைச் சுமந்தவர்கள், யாரும் நன்றி சொல்லாதவர்கள். உங்கள் கோபம் நியாயமானதே. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விருந்து வீட்டின் வாசலில் எத்தனை காலம்தான் நிற்பது? மூத்தவன் உள்ளே போனானா என்று கதை சொல்லாமல் விட்டது, அதை நாம் முடித்து வைக்கட்டும் என்றுதானோ என்னவோ!